நீர்க்கடுப்புக்குப் பின் காய்ச்சல்: தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி அவசரம், போனால் நாலே சொட்டு, அடிவயிற்றில் கடுப்பு. இது சிறுநீர்ப்பைத் தொற்று. பெரும்பாலானவர்களுக்குச் சில நாள் மாத்திரையோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் அதே கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். அப்போது மருந்து மாறும், அவசரமும் மாறும். அந்தத் திருப்பத்தை வீட்டில் இருப்பவர் எப்படிக் கண்டுகொள்வது என்பதைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள்.

நீர்க்கடுப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எது வந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும்?

முக்கியமானவை நான்கு: காய்ச்சல், உடம்பு உதறும் குளிர், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கத்தில் வலி, குமட்டல் அல்லது வாந்தி. நான்கும் சேர்ந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீர்க்கடுப்பு இருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் மட்டும் வந்தாலே அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கக் காரணம் போதும்.

ஏன் காய்ச்சலுக்கு இவ்வளவு முக்கியத்துவம்? சிறுநீர்ப்பைத் தொற்று அதன் உட்புறத் தோலோடு நின்றுவிடும். எரியும், கடுக்கும், சில நேரம் இரத்தம்கூட வரும். ஆனால் உடம்பு முழுவதையும் கலக்காது. சிறுநீரகம் அப்படியில்லை. இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதன் வழியாகத்தான் போகிறது. அங்கே கிருமி புகுந்தால் இரத்தத்தோடு சேர்வதற்கு அதிக தூரமில்லை. அதனால்தான் ஆள் 'நீர்க்கடுப்பு' என்ற நிலையிலிருந்து 'உடம்புக்கு முடியவில்லை' என்ற நிலைக்குப் போகிறார். அசதி, பசியின்மை, எழுந்து நடக்கவே மனம் வராமை ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிருமி எப்படி மேலே போகிறது?

பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணம் குடலில் இயல்பாகவே வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது சிறுநீர்த் துவாரம் வழியாக உள்ளே வருகிறது. பெண்களுக்கு அந்தப் பாதை ஏறத்தாழ 4 செ.மீ., ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு. பெண்களுக்கு இந்தத் தொற்று அதிகம் வருவதற்கு முக்கியக் காரணம் இந்த நீள வித்தியாசமே. சுத்தக் குறைவு என்று யாரையும் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை.

சிறுநீர்ப்பையிலிருந்து ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள குழாய் ஒன்று போகிறது. அது பையின் சுவருக்குள் சாய்வாக நுழைவதால், பை நிறையும்போது அழுத்தத்தில் தானே மூடிக்கொள்ளும். சிறுநீர் மேலே திரும்பாது. ஆனால் சில ஈ.கோலை வகைகளின் உடலில் முடிபோன்ற இழைகள் இருக்கும். அவற்றால் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து ஏறிவிடும். கல், கர்ப்பம், ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பி வீக்கம், பிறவியிலேயே தளர்ந்த வால்வு என எது சிறுநீரைத் தேக்கினாலும் திருப்பினாலும் அதற்கு வழி இன்னும் சுலபமாகிவிடும்.

நீர்க்கடுப்பு தொடங்கி எத்தனை நாளில் இது நடக்கும்?

நாள் குறித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் எரிச்சல் தொடங்கிய சில நாட்களுக்குள் நடக்கும். சிலருக்கு எரிச்சலும் காய்ச்சலும் ஒரே நாளில் வரும். சிலருக்கு எரிச்சலே இல்லாமல் நேரடியாகக் குளிரும் முதுகு வலியுமாக ஆரம்பிக்கும். சரியான மருந்து என்றால் நீர்க்கடுப்பு இரண்டு மூன்று நாளில் நன்றாகவே தணிய வேண்டும். 48 மணி நேரம் மருந்து எடுத்தும் குறையவே இல்லை என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம்.

காய்ச்சல் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்? குளிர் மட்டும் இருந்தால்?

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். இதைத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது, தெர்மாமீட்டரில் பாருங்கள். பாரசிட்டமால் போடுவதற்கு முன்பே அளந்து, நேரத்தையும் எழுதி வையுங்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்துவிட்டு 'காய்ச்சல் இல்லை' என்று நிம்மதியடைவது அடிக்கடி நடக்கும் ஏமாற்றம்.

குளிரில் இரண்டு வகை. போர்த்திக்கொண்டால் அடங்கும் லேசான குளிர் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும். இன்னொன்று உதறல். பற்கள் அடித்துக்கொள்ளும், கையில் இருக்கும் தம்ளர் தண்ணீர் தளும்பும், இரண்டு போர்வை போட்டாலும் கட்டில் சேர்ந்து ஆடும், கால் மணி அரை மணி கழித்துக் காய்ச்சல் மளமளவென்று ஏறும். இந்த உதறலைப் பார்த்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் காத்திருக்க வேண்டாம். கிருமி இரத்தத்தில் கலக்கும்போது இப்படி வரக்கூடும்.

முதுகு வலிக்கிறது. இது சாதாரண இடுப்பு வலியா, கிட்னி வலியா?

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். சிறுநீரகம் இடுப்பில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இன்னும் மேலே, கடைசி விலா எலும்பை ஒட்டி, முதுகெலும்புக்கு இரு பக்கமும் இருக்கிறது. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றால், கட்டைவிரல் பின்பக்கம் படும் இடத்துக்குச் சற்று மேலே. வலி அங்கே தோன்றி, பக்கவாட்டில் அல்லைப் பக்கம் வரை பரவும். பெரும்பாலும் ஒரே பக்கம்தான் வலிக்கும். சில நேரம் இரண்டு பக்கமும்.

தசைப் பிடிப்பு வலி அசைவோடு மாறும். குனிந்தால் கூடும், ஒரு நிலையில் படுத்தால் குறையும், கனமான எதையோ தூக்கியது நினைவுக்கு வரும். கிட்னி வலி ஆழத்தில் ஒரே மாதிரி வலித்துக்கொண்டிருக்கும். எப்படிப் புரண்டு படுத்தாலும் பெரிதாக மாறாது. மருத்துவர் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கடைசி விலாவும் முதுகெலும்பும் சேரும் மூலையில் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன் மேல் மறு கையின் முஷ்டியால் லேசாகத் தட்டுவார். தொற்று இருக்கும் பக்கம் தட்டியதும் ஆள் துள்ளிவிடுவார். மறு பக்கம் ஒன்றும் இருக்காது. வீட்டிலும் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். வலித்தால் அது ஒரு தகவல். ஆனால் வலிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அடிவயிறு மட்டும் கடுத்து, கூடவே இடுப்பின் கீழ்ப்பகுதியில் லேசாக மந்தமான வலி இருப்பது சாதாரண நீர்க்கடுப்பிலும் உண்டு. காய்ச்சல் இல்லாமல் அது மட்டும் என்றால் பதற வேண்டியதில்லை.

கல் இருந்தாலும் இப்படித்தானே வலிக்கும்?

கல் வலி அலை அலையாக வரும். உச்சத்துக்குப் போய்க் கொஞ்சம் தணிந்து மறுபடி வரும். விலாப்புறத்திலிருந்து முன்பக்கமாகத் தொடையிடுக்கு நோக்கி இறங்கும். கல் வலிக்காரர் ஒரு இடத்தில் உட்காரமாட்டார், நடப்பார், உருளுவார். தொற்று உள்ளவரோ அசையாமல் சுருண்டு படுத்திருப்பார். வெறும் கல்லுக்குக் காய்ச்சல் வராது.

கல் வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால்தான் மிக ஆபத்து. குழாயைக் கல் அடைத்திருக்க, அதற்கு மேலே தொற்றுள்ள சிறுநீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். அடைபட்ட இடத்துக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் வைத்தோ, முதுகு வழியாகச் சிறு குழாய் செலுத்தியோ அந்த நீரை வடித்தே ஆக வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். கல்லை எடுப்பதெல்லாம் பிறகுதான். ஏற்கெனவே கல் இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தால் இரவு பகல் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

எரிச்சல் நின்றுவிட்டது, மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன். இப்போது காய்ச்சல். எப்படி?

இதற்குப் பதில் மருந்தின் குணத்தில் இருக்கிறது. நீர்க்கடுப்புக்கு முதலில் எழுதித் தரும் மருந்துகளில் நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டும் முக்கியமானவை. முதலாவது வழக்கமாக 5 நாள். இரண்டாவது தண்ணீரில் கலந்து ஒரே தடவை குடிக்கும் 3 கிராம் தூள். இரண்டுமே சிறுநீரில் நல்ல செறிவில் சேர்ந்து, பைக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லும். ஆனால் சிறுநீரகத்தின் திசுவுக்குள் போதுமான அளவு தங்காது. அதனால் பை சுத்தமாகி எரிச்சல் அடங்கியிருக்கும்போதே, ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட கிருமி அங்கே பெருகிக்கொண்டிருக்க முடியும்.

நீர்க்கடுப்புக்குத் தந்த மாத்திரையை இன்னும் சில நாள் நீட்டிச் சாப்பிட்டால் காய்ச்சலும் போய்விடும் என்பது இதனால்தான் தவறான கணக்கு. மருத்துவர் தந்த மருந்தில் கோளாறு இல்லை. அவர் தந்தது அன்றைக்கு இருந்த நோய்க்கு. நோய் இடம் மாறிவிட்டது என்றால் அவருக்கு அது தெரிய வேண்டும். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த நாளில் ஆரம்பித்தீர்கள், எத்தனை மாத்திரை உள்ளே போனது என்பதையும் சொல்லுங்கள்.

போன தடவை வாங்கிய ஆன்டிபயாட்டிக் மீதி இருக்கிறது. ராத்திரிக்கு அதைப் போட்டுச் சமாளிக்கலாமா?

கூடாது. அரைகுறை மருந்து காய்ச்சலைக் கொஞ்சம் அடக்கிவிட்டு, மறுநாள் எடுக்கும் கல்ச்சர் பரிசோதனையில், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் செய்துவிடும். பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. ஈ.கோலையில் மருந்துக்கு அடங்காத வகைகள் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கும் காலம் இது. ஊகத்தில் மாத்திரை போடுவது முன்பு பலித்தது போல இப்போது பலிப்பதில்லை.

சிறுநீரின் நிறத்தையும் நாற்றத்தையும் வைத்துச் சொல்ல முடியுமா?

முடியாது. கலங்கல், நாற்றம், இரத்தம் மூன்றும் சிறுநீர்ப்பைத் தொற்று, சிறுநீரகத் தொற்று இரண்டிலும் வரலாம். சிறுநீரகத் தொற்று உள்ளவரின் சிறுநீர் பார்வைக்குத் தெளிவாகவும் இருக்கலாம். எரிச்சலைத் தணிக்கும் ஒருவகை மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதைப் பார்த்து இரத்தம் என்று பயந்தவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தண்ணீர் குடித்தும் சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டால், அது நிறத்தைவிட முக்கியமான செய்தி.

காலை வரை காத்திருக்கலாமா, இப்போதே போக வேண்டுமா?

லேசான காய்ச்சல், தெளிவான பேச்சு, குடிப்பது வயிற்றில் தங்குகிறது, வேறு நோய் எதுவும் இல்லை என்றால் அன்றைய பகலுக்குள் மருத்துவரைப் பார்க்கலாம். நாளை, நாளை மறுநாள் என்று தள்ள வேண்டாம். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேரத்தைப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

- உடம்பு தூக்கிப்போடும் உதறல்
- மாத்திரையோ தண்ணீரோ தங்காத வாந்தி
- மூச்சு வேகமாக வாங்குவது, நெஞ்சு படபடப்பு, எழுந்தால் கண் இருட்டுவது
- பேச்சில் குழப்பம், கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொல்வது
- கைகால் சில்லிட்டு வியர்ப்பது, தோல் வெளிறியோ திட்டுத் திட்டாகவோ மாறுவது
- பல மணி நேரமாகச் சிறுநீரே வராமல் இருப்பது
- கர்ப்பம், ஒற்றைச் சிறுநீரகம், மாற்றுச் சிறுநீரகம், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றோடு காய்ச்சலும் இருப்பது

மூச்சு, குழப்பம், சில்லிப்பு ஆகியவை செப்சிஸின் அறிகுறிகள். கிருமிக்கு எதிரான போராட்டத்தில் உடம்பு தன்னையே சேதப்படுத்திக்கொள்ளும் நிலை அது. அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். எனக்கு ஏன் அதிகம் பயமுறுத்துகிறார்கள்?

பயமுறுத்தவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டரோன் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை மேலிருந்து அழுத்துகிறது. வலப்பக்கக் குழாய் கூடுதலாக விரிவதால் தொற்றும் அந்தப் பக்கமே அதிகம் வரும். சிறுநீரில் கிருமி இருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாத நிலைக்கு மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை, கர்ப்பிணிக்குத் தேவை. விட்டுவிட்டால் அவர்களில் கணிசமானோருக்கு அது சிறுநீரகத் தொற்றாக மாறும். முதல் பரிசோதனைகளிலேயே சிறுநீர்க் கல்ச்சர் எழுதுவது அதற்காகத்தான். சிறுநீரகத் தொற்று குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். ஆகவே காய்ச்சலோ விலா வலியோ வந்தால் வழக்கமாக மருத்துவமனையில் சேர்த்து ஊசி மருந்து தொடங்குவார்கள்.

முதுகு வலி கர்ப்பத்தில் சகஜம் என்பது உண்மைதான். காய்ச்சலோடு வரும் முதுகு வலி சகஜமில்லை.

சின்னக் குழந்தைக்கு எப்படிக் கண்டுபிடிப்பது? அது சொல்லாதே?

சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் வந்தால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் குடிக்காமை, வாந்தி, சுணக்கம், காரணமில்லாத அழுகை இவையே அறிகுறிகள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி தாண்டினால் எந்தக் காரணமானாலும் உடனே மருத்துவமனை. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் 'வயிறு வலிக்கிறது' என்றே சொல்வார்கள், முதுகைக் காட்டமாட்டார்கள். படுக்கையில் நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பிப்பதும் ஒரு துப்பு.

ஒட்டுப் பையில் பிடித்த சிறுநீர் கல்ச்சருக்கு நம்பகமானதல்ல, தோலில் உள்ள கிருமியும் கலந்துவிடும். சின்னக் குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயங்காதீர்கள். சிகிச்சை தாமதமானால் சிறுநீரகத்தில் தழும்பு விழும் ஆபத்து குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

வயதான அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லை, ஆனால் திடீரென்று உளறுகிறார்கள். இதுவா?

இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலே தொற்று முற்றலாம்; உடம்பு வழக்கத்தைவிடச் சில்லென்று இருப்பதும் உண்டு. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று நாள் கிழமை தெரியாமல் பேசினால், நடை தள்ளாடி விழுந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால் உடனே காட்டுங்கள்.

ஆனால் மறு பக்கமும் உண்டு. வயதானவர்கள் பலருடைய சிறுநீரில் எந்தத் தொந்தரவும் தராமல் கிருமி இருந்துகொண்டே இருக்கும். குழப்பத்துக்குக் காரணம் உப்புச் சத்துக் குறைவு, பக்கவாதம், புதிதாகத் தொடங்கிய மருந்து என்று வேறாக இருக்க, சிறுநீர் ரிப்போர்ட்டில் கிருமி என்று கண்டவுடன் பழியை அதன்மேல் போட்டுவிடும் பழக்கம் நல்லதல்ல. மற்ற காரணங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் வடிய நிரந்தரமாகக் குழாய் போட்டிருப்பவர்களுக்கு எரிச்சல் தெரியாது. காய்ச்சல், உதறல், குழாயில் ஓட்டம் நிற்பது ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கும் வருமா?

வரும், குறைவாக. இளம் ஆணுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலே ஏன் என்று தேட வேண்டும். காய்ச்சலோடு, உட்காரும் இடத்தில் வலியும் சிறுநீர் இறங்கத் தடையும் இருந்தால் பிராஸ்டேட் சுரப்பியின் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து நாட்கள் அதிகம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தொற்று சீழ்க்கட்டியாக மாறும் வாய்ப்பு அதிகம். அரிதாக, கிருமி சிறுநீரகத் திசுவுக்குள் வாயுவை உண்டாக்கும் கடுமையான வகையும் உண்டு. அப்படி வருபவர்களில் பெரும்பாலானோர் சர்க்கரை நோயாளிகள். நரம்பு பாதிப்பால் வலி மழுங்கியிருக்கலாம். காரணமில்லாமல் இரத்தச் சர்க்கரை எகிறுவதே முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு இன்னொரு விஷயம். புதிய சிறுநீரகம் முதுகில் இல்லை, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதன் நரம்புகளும் துண்டிக்கப்பட்டவை. விலா வலியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் அது வராமலே போகலாம்.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் சிறுநீர். சில நிமிடத்தில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனை வெள்ளணுக்களையும், கிருமிகள் உண்டாக்கும் நைட்ரைட் என்ற பொருளையும் காட்டும். நைட்ரைட் இல்லை என்று வந்தாலும் தொற்று இல்லை என்று ஆகாது; சில கிருமிகள் அதை உண்டாக்காது, சிறுநீர் சில மணி நேரம் பையில் தங்கியிருக்கவும் வேண்டும். மிக முக்கியமானது கல்ச்சர். அதை ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்ற முழு விவரம் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை சிகிச்சை காத்திருக்காது.

மாதிரி எடுப்பதில்தான் பல ரிப்போர்ட்டுகள் கெட்டுப்போகின்றன. கையைக் கழுவி, அந்த இடத்தைத் தண்ணீரால் சுத்தம் செய்து, முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு, ஓட்டம் நிற்காமல் நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தையும் டப்பாவின் விளிம்பையும் தொடக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் ஒன்றிரண்டு கிருமி ஆயிரமாகப் பெருகி இல்லாத தொற்றைக் காட்டும்.

இரத்தத்தில் வெள்ளணுக்களையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் பார்ப்பார்கள்; ஆள் மிகச் சோர்ந்திருந்தால் இரத்தக் கல்ச்சரும் எடுப்பார்கள்.

ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டது. அப்படியானால் சிறுநீரகத் தொற்று இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. சிறுநீரகத் தொற்று உள்ளவர்களில் பலருக்கு அல்ட்ராசவுண்ட் இயல்பாகவே இருக்கும். கல், அடைப்பு, வீக்கம், சீழ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. நோயை முடிவு செய்வது அறிகுறிகளும் சிறுநீர்ப் பரிசோதனையும் சேர்ந்துதான். சரியான மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரம் ஆகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் காய்ச்சல் அடிக்கிறது. மருந்து கேட்கவில்லையா?

முதல் இரண்டு நாள் காய்ச்சல் வந்து வந்து போவது வழக்கம்தான். உச்சம் குறைகிறதா, இடைவெளி கூடுகிறதா, பசி எடுக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நாளும் அதே உயரத்தில் அடித்தால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். கல்ச்சர் முடிவும் அதற்குள் வந்துவிடும். வரும் வரை காத்திராமல் நீங்களே கேட்டு வாங்குங்கள். அதை யாரும் பார்க்காமல் கோப்பில் கிடப்பது எங்கும் நடப்பதுதான்.

வாய்வழி மாத்திரை தங்கும் நிலையில் இருப்பவர்கள் வீட்டிலேயே சிகிச்சை பெறலாம். மற்றவர்களுக்கு நரம்பு வழியாக ஆரம்பித்து, தேறியதும் மாத்திரைக்கு மாற்றுவார்கள். மருந்தைப் பொறுத்து மொத்தம் 5 நாளிலிருந்து 14 நாள் வரை போகும். மூன்றாம் நாள் உடம்பு லேசாகிவிடும். அப்போதே மருந்தை நிறுத்திவிட்டால் தொற்று திரும்ப வந்துவிடலாம்.

வலிக்கு எந்த மாத்திரை போடலாம்?

பாரசிட்டமால், அளவு மீறாமல். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். வாந்தியாலும் காய்ச்சலாலும் உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். எரிச்சலுக்குத் தரும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் காரச் சிரப் ஆறுதல் தரும், கிருமியைக் கொல்லாது.

நிறையத் தண்ணீர் குடித்தால் போதுமா?

தடுப்புக்கு உதவும். அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத் தொற்று வந்த பிறகு தண்ணீர் துணை மட்டுமே, மருந்துக்கு மாற்று அல்ல. தாகம் அடங்கி, சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும் அளவு குடியுங்கள். இதய நோய்க்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் தாங்களாகக் கூட்டக்கூடாது.

சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதாகிவிடுமா?

நல்ல சிறுநீரகம் உள்ள பெரியவருக்கு ஒரு தடவை வந்து, நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. டயாலிசிஸ் வரை கற்பனை செய்துகொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அசதி மட்டும் சில வாரம் இருக்கும். அடைப்பு நீடித்தவர்கள், திரும்பத் திரும்ப வந்தவர்கள், சிறு குழந்தைகள் இவர்களுக்குத்தான் தழும்பு பற்றிய கவலை.

குணமான பிறகு மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டுமா? திரும்ப வந்தால்?

தொந்தரவு எதுவும் இல்லாதவருக்குத் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு அவசியம் எடுப்பார்கள். மருந்து முடிந்த இரண்டு வாரத்துக்குள் அதே அறிகுறிகள் திரும்பினால், புதிய தொற்று என்று எண்ணிப் பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்காதீர்கள். கிருமி முழுதாகப் போகவில்லை, அல்லது கல் போல ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கிறது. புதிய கல்ச்சர், ஸ்கேன் இரண்டும் தேவைப்படும். போகும்போது முந்தைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கவில்லை என்பது அதில் எழுதியிருக்கும்.